முதுசம் என்று நான் எழுதிய காணி

1936, மே. என் பெற்றோருக்கு யாழ்ப்பாணத்தில் திருமணம் நடைபெற்றது.

1938, செப்டெம்பர். வத்தேகமவுக்கு மேலே ஆறு ஏக்கர் காணியை என் தந்தையார் விலைக்கு வாங்கினார். காணிப் பத்திரமான உறுதி அவர் பெயரில் எழுதப்பட்டது.

1981, பெப்ரவரி. தந்தையார் பேராதனையில் காலமானார்.

1981, ஓகஸ்ட். மலைநாட்டின் சில பகுதிகளில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அதே மாதத்தில், மரணத் தீர்வைக்கான வெளிப்படுத்தற் பத்திரத்தை நான் நிரப்பிக் கையளித்தேன்.

1982, நவம்பர். ஆறு ஏக்கரும் தந்தையாருக்கே உரியவை என்று கொண்டு தீர்வை விதிக்கப்பட்டது.

1983, ஜனவரி. ஆட்சேப மனு சமர்ப்பிக்கப்பட்டது.

1983, ஜூலை, கடைசி வாரம். கண்டி நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. நாங்கள் பதினொரு நாட்கள் முகாமில் இருந்தோம்.

1984, பெப்ரவரி. மனு விசாரிக்கப்பட்டது.

1984, ஜூன். தீர்மானம் கிடைத்தது.

2003, மார்ச். என் மனைவி காலமானார்.

மேலே உள்ளவை எல்லாவற்றுக்கும் கடதாசி இருக்கிறது. இனி எழுதப்போவதற்கு இல்லை. அதை என்னோடு சேர்ந்து நினைவில் வைத்திருந்தவர் ஒருவரே; பட்டியலின் கடைசி வரி அவரைப் பற்றியது.

மரணத் தீர்வை என்பதை இன்றுள்ள இளையவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. பின்னர் அது இந்நாட்டில் நீக்கப்பட்டுவிட்டது. ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்துக்கு விலை மதித்து, அதில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. எங்கள் ஆட்கள் அதைச் சாவு வரி என்றார்கள். பெருந்தோட்டங்களையும் மாளிகைகளையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்ட சட்டம். அதன் நியாயத்தை நான் அன்றும் மறுக்கவில்லை. ஆனால், காணி விலையாக மட்டும் உயர்ந்து, கையில் காசாக ஒருபோதும் வந்து சேராத குடும்பங்களின் வாசலிலும் அது வந்து நின்றது. கராம்புக்கு நல்ல விலை கிடைக்கத் தொடங்கிய காலத்தில் தந்தையார் இறந்தார். ஆகவே எங்கள் ஆறு ஏக்கருக்கு, நாங்கள் அறியாத ஒரு செல்வம் கடதாசியில் ஏறியிருந்தது.

அந்தக் காணி சரிவானது. மேற்பகுதியில் மிளகும் கோப்பியும் பலாவும் நின்றன. கீழ்ப்பகுதியில் கராம்பு மரங்களும், ஊற்றும், கராம்பு காயவைத்துச் சேர்க்கும் சிறிய களஞ்சியமும், காணியைப் பார்த்துக்கொண்டவரின் வீடும் இருந்தன. வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரே பாதை கீழ்ப்பகுதியின் ஊடாகத்தான் சென்றது. மேற்பகுதியை மட்டும் வாங்க எவரும் முன்வரமாட்டார்கள்; கீழ்ப்பகுதியை விற்றால் மேற்பகுதி கண்ணால் பார்ப்பதற்கு மட்டும் மிஞ்சும். தீர்வையைச் செலுத்த வேண்டுமானால் கீழ்ப்பகுதியை விற்க வேண்டியிருந்தது. எங்கள் முன்னால் இருந்த கேள்வி இவ்வளவுதான்.

இதற்குக் காரணம் தீர்வையை விதித்த அரசாங்கக் கந்தோர் அல்ல. நான் எழுதிய ஒரு சொல்.

யாழ்ப்பாணத்தவரின் பழைய வழமைச் சட்டத்தில் சொத்து மூன்று வகை. பெண் மணம் முடிக்கும்போது கொண்டுவருவது சீதனம். தாய் தந்தையர் வழியில் வந்து சேர்வது முதுசம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும் காலத்தில் சம்பாதித்து வாங்குவது தேடிய தேட்டம். தேடிய தேட்டத்தில், உறுதியில் யாருடைய பெயர் இருந்தாலும், இருவருக்கும் சரிபாதி. கணவன் இறந்தால் அவனுடைய பாதி மட்டுமே அவன் விட்டுச்சென்ற சொத்து. மற்றப் பாதி ஏற்கெனவே மனைவிக்குரியது. முதுசத்திலோ அவளுக்குப் பங்கில்லை.

என் தந்தையார் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்து, பிரதம எழுதுவினைஞராக ஓய்வுபெற்றவர். ஒரே ஆண்பிள்ளை, மூன்று தங்கைமார். ஊரில் அவருக்கு வந்திருக்க வேண்டிய முதுசம் முழுவதையும் அவர்களுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டே மணம் முடித்தார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் குறைசொன்னதில்லை. ஆனால் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வத்தேகமக் காணியை வாங்கிய நாளிலிருந்து அதற்கு அவர் இட்ட பெயர் முதுசம். யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்து தங்கினால், மறுநாட் காலையில் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, "வாருங்கோ, எங்கட முதுசத்தைப் பாத்திட்டு வருவம்" என்பார்.

"கண்டியில முதுசமோ?" என்று அவருடைய மைத்துனர் ஒருவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "அப்ப உங்கட பாட்டன் ஆர், கண்டி ராசாவோ?"

தந்தையார் சேர்ந்து சிரிப்பார். சொல்லை மட்டும் மாற்றமாட்டார். சின்ன வயதிலிருந்தே அந்தச் சொல்லோடு அந்தக் காணியைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பேராதனையில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு படிவத்தை நிரப்ப இன்னொருவரின் உதவி தேவைப்படும் என்ற எண்ணம் வரவில்லை. ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முற்பகல் முழுவதும் இருந்து எழுதினேன். இறந்தவருக்கு அந்தச் சொத்து எவ்வாறு வந்தது என்று ஒரு நிரல் கேட்டது. ஆங்கில எழுத்துகளில் ‘முதுசம்’ என்று எழுதினேன். ஒரு கணம்கூடத் தயங்கியதாக நினைவில்லை. நிரந்தர வதிவிடம் என்ற இடத்தில், தந்தையார் தமது எல்லாப் பத்திரங்களிலும் எழுதிவந்ததைப் போலவே, கண்டி என்று எழுதினேன். அடியில் கையொப்பமிட்டேன்.

பதினைந்து மாதங்களின் பின்னர் தீர்வை அறிவித்தல் வந்தது. அதை இரண்டு முறை வாசித்துவிட்டு மேசையில் வைத்தேன். மனைவி எடுத்து வாசித்தார். பிறகு, "இஞ்சாருங்கோ, நீங்கள் அனுப்பின பத்திரத்தின்ர கொப்பி எங்க?" என்று கேட்டார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் பாடசாலையில் தமிழும் வரலாறும் கற்பித்தவர். விடைத்தாள் திருத்துபவரின் விரல் வரிவரியாக இறங்கிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நின்றது.

"உதென்ன எழுதியிருக்கிறியள்? முதுசமோ?"

"அப்பா அப்பிடித்தானே சொல்லுறவர்."

"மாமா ஆசைக்குச் சொன்னவர். அவர் காசு குடுத்து வாங்கினதெல்லோ? கலியாணம் முடிச்ச பிறகெல்லோ? அது தேடிய தேட்டம். பாதி மாமியின்ர."

அவர் கடதாசியை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"உங்களுக்குத்தான் அது முதுசம். மாமாவுக்குத் தேட்டம். இது செத்த மனுசன்ர பத்திரமப்பா. நீங்கள் உங்கட பத்திரத்தை நிரப்பியிருக்கிறியள்."

என் வாழ்நாளில் எனது பிழையொன்றை எவரும் இவ்வளவு சுருக்கமாக நிறுவியதில்லை. தந்தையார் இறந்து ஆறு மாதமே ஆகியிருந்தபோது, அவர் இடத்தில் இருந்து எழுதவேண்டியதை, அவருடைய உரித்தாளியாக என் இடத்தில் இருந்து எழுதியிருந்தேன். அவர் இல்லை என்பதை மனம் ஏற்குமுன் கை ஏற்றிருந்தது.

மனைவி எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தார். "சரி, இப்ப முகத்தை உப்பிடி வைச்சிருந்து என்ன செய்யிறது? நல்ல பிரக்கிராசியா ஒராளைப் பாருங்கோ" என்றார்.

நாங்கள் பிடித்த பிரக்கிராசி அலவத்துகொடையைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர். காணி வழக்குகளிலேயே தலை நரைத்த சட்டத்தரணி. கடதாசிகளை விரித்துவைத்துக்கொண்டு வெகுநேரம் தாடியைத் தடவினார்.

"உங்கட வாப்பா வாயால செல்லிட்டு ஈந்தார். அதுக்கு வரி இல்ல. நீங்க படிச்ச ஆள், எழுதிக் கையெழுத்தும் வெச்சிட்டீங்க" என்றார்.

"உறுதியில் விலைக்கு வாங்கியது என்று தெளிவாக இருக்கிறதே?" என்றேன்.

"ஈக்குது. ஆனா முதுசத்த வித்த சல்லில வாங்கினாலும் அது முதுசம்தான். அப்பிடித்தான் வாங்கினதெண்டு நீங்களே செல்லுற மாதிரி ஈக்குது, இந்தப் பத்திரம். அது பெரிய விசயமில்ல, திருத்தலாம். மத்ததுதான் கஷ்டம்."

மற்றது என்னவென்று அவர் விளக்கினார். அந்த வழமைச் சட்டம் யாழ்ப்பாணத்தவருக்கு மட்டுமே உரியது. நாற்பத்தைந்து ஆண்டு கண்டியில் வாழ்ந்து, கண்டியே நிரந்தர வதிவிடம் என்று தம் கையாலும் மகனின் கையாலும் எழுதிய ஒருவர் இன்னும் யாழ்ப்பாணத்தவர்தானா? அல்ல என்று தீர்வைக் கந்தோர் கருதினால் பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அப்ப நாங்க என்ன காட்டோணும் தெரியுமா, சேர்? உங்கட வாப்பா கண்டிக்காரர் இல்லையெண்டு காட்டோணும். கண்டியில காணிய வெச்சிக்கொள்ளத்தான்." அவர் தாமே சிரித்தார். "உங்கட சட்டத்தோட பாக்கக்குள்ள எங்கட சட்டம் லேசு."

அந்த மார்கழியில் வத்தேகமவுக்குப் போனபோது, காணியைப் பார்த்துக்கொண்டவர் கராம்பு மரங்களுக்குக் கீழே செடி வெட்டிக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடொன்றில் பிறந்து, இளைஞனாகத் தந்தையாரிடம் வந்து சேர்ந்தவர். பக்கத்துக் காணிக்காரரான சிங்களவர் கீழ்ப்பகுதிக்கு விலை கேட்டிருந்த செய்தி எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

"சின்னய்யா, கீழ் காணிய குடுத்தீங்கன்னா எங்களையும் சேத்துத்தான் குடுப்பீங்களா?"

"அப்படி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. மரத்த எண்ணிக்கிட்டு போனாங்க. அந்தக் கணக்குல நாங்களும் வாறோமான்னு கேட்டேன்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அவருடைய மனைவி வீட்டு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. விற்காமல் இருக்க முயல்கிறோம் என்று சொன்னேன். முயன்று வென்றால் அந்த வீட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் அவர் பேரிலேயே எழுதித் தருவேன் என்றும் சொன்னேன்.

மனுவுக்கான சான்றுகளைச் சேர்த்தவர் என் மனைவி. பெற்றோரின் விவாகப் பதிவின் பிரதியை யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்தார். தந்தையாரின் தகரப் பெட்டியில், ஊர்க் கோயிலின் ஆறாம் திருவிழாவுக்கு அவர் ஆண்டுதோறும் கொடுத்த உபயத்தின் பற்றுச்சீட்டுகளைக் கண்டெடுத்து, ஆண்டு வரிசையில் கட்டினார். ஒரு வருடமும் தவறியிருக்கவில்லை. அவற்றை ஒரு பழைய பாடசாலைப் பையில் வைத்து அலுமாரிக்குள் பூட்டினார்.

ஜூலைக் கடைசி வாரத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டளவில் சொல்கிறேன். நகரத்தின் பக்கம் புகை தெரிந்தது. அயல்வீட்டார் வந்து, உடனே வெளிக்கிடச் சொன்னார்கள். அம்மா தமது கண்ணாடியையும் மருந்துக் குளிசைகளையும் எடுத்தார். நான் பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்தேன். மனைவி அலுமாரியைத் திறந்து அந்தப் பாடசாலைப் பையை எடுத்தார்.

"இந்த நேரத்தில் அது எதற்கு?" என்று கேட்டேன்.

"கல்லெறியிறவங்களுக்கு நாங்கள் யாழ்ப்பாணத்தாக்கள் எண்டு வடிவாத் தெரியும். கந்தோருக்குத்தான் தெரியாது" என்றார்.

அயல்வீட்டாரின் வான் வண்டியில் ஏறும்வரையில் நான் அதை முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது. அந்த நாளில் சிரித்ததற்காக நீண்ட காலம் வெட்கப்பட்டேன். இப்போது வெட்கப்படுவதில்லை.

முகாமில் பதினொரு நாட்கள் அந்தப் பை அவருக்குத் தலையணையாக இருந்தது. திரும்பி வந்தபோது எங்கள் வீடு நின்றது. கதவையும் சன்னல்களையும் உடைத்திருந்தார்கள், கதிரைகளைக் காணவில்லை, தகரப் பெட்டி முற்றத்தில் எரிந்து கிடந்தது.

அடுத்த வாரமே வத்தேகமவுக்குப் போனேன். களஞ்சியம் அப்படியே இருந்தது. காணியைப் பார்த்துக்கொண்டவரும் குடும்பமும் மூன்று நாட்கள் காட்டுக்குள் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

"யார் களஞ்சியத்தைக் காப்பாற்றியது?" என்று கேட்டேன்.

"அவருதாங்க. வெல கேட்டவரு. கதவுக்கு முன்னால ஸ்டூல போட்டு ஒக்காந்துக்கிட்டு, இது நான் வாங்கப் போற எடம், என் எடத்துல நெருப்பு வச்சா தெரியும்னு சத்தம் போட்டாராம்."

அவருக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் கையை அசைத்து அதை விலக்கிவிட்டு, விற்பதானால் தமக்கு முதலில் சொல்லவேண்டும் என்றார். விற்காவிட்டால் அதையும் சொல்லவேண்டும், இரு காணிக்கும் இடையில் வேலி விழுந்து கிடக்கிறது, செலவைப் பாதிப் பாதியாகப் போட்டுத் திருத்தலாம் என்றார். காணியின்மேல் அவருக்கிருந்த ஆசையும் நெருப்பின்மேல் இருந்த வெறுப்பும் ஒரே மனிதரிடம் சண்டையின்றி இருந்தன. அதுவரை அவரை நான் வேறு விதமாக மதிப்பிட்டிருந்தேன்.

விசாரணைத் திகதி பெப்ரவரிக்குக் குறிக்கப்பட்டது. சாட்சி அம்மாதான், அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. பிரக்கிராசி வீட்டுக்கு வந்து அவரைத் தயார்ப்படுத்தினார்.

"ஒண்டே ஒண்டுதான், உம்மா. பென்சனுக்குப் பொறகு ஊருக்குப் போற யோசன அவருக்கு ஈந்ததெண்டு செல்லுங்க. போதும்."

"இருக்கேல்லையே" என்றார் அம்மா.

"கொஞ்சமாவது ஈந்திருக்கும்."

"ஒரு கொஞ்சமும் இல்லை. நான் அவரோட நாப்பத்தைஞ்சு வருசம் இருந்தனான், தம்பி. நீங்கள் இருக்கேல்லை."

பிரக்கிராசி என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். "மாமி தெரிஞ்சதைச் சொல்லட்டும்" என்றார் மனைவி. பிரக்கிராசி போன பிறகு நான் அம்மாவிடம் பேச முயன்றேன். காணியைப் பற்றி, கீழ்ப்பகுதியைப் பற்றி, அங்கிருக்கும் குடும்பத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டு கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வா, சாப்பிடுவம்" என்றார்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. மதிப்பீட்டு அதிகாரி என் வயதுடைய சிங்களவர், ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு இதில் நலன் இருந்தபடியால் மொழிபெயர்க்க அனுமதியில்லை. பிரக்கிராசியே அதைச் செய்தார். விவாகப் பதிவும் உறுதியும் பார்க்கப்பட்டன. காணி மணமான பிறகு, சம்பளத்தில் வாங்கப்பட்டது என்பதை அதிகாரி ஏற்றுக்கொண்டார். பிறகு அந்தக் கேள்விக்கு வந்தார்.

பிரக்கிராசி அம்மாவின் பக்கம் திரும்பினார். "ஐயா கேக்கிறார், உங்கட மாப்பிள பென்சனுக்குப் பொறகு ஊருக்குப் போற யோசனையில ஈந்தாரா?"

அம்மா ஒரு கணம் விழித்தார். எங்கள் பேச்சில் மாப்பிள்ளை என்றால் மகளின் கணவன், அல்லது மணவறையில் இருக்கும் இளைஞன். பின்னால் இருந்த என் மனைவி, "மாமாவைத்தான் கேக்கினம், மாமி" என்று மெதுவாகச் சொன்னார். அம்மாவின் முகத்தில் புன்னகை வந்தது. அந்தப் புன்னகையோடேயே, "இல்லை, ஐயா. அவர் போக நினைக்கேல்லை" என்றார்.

பிரக்கிராசி அதை மொழிபெயர்த்தார். குரலில் எந்த மாற்றமும் இருக்கவில்லை. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அங்க போய் இருக்க அவருக்கு ஒரு அடி நிலமில்லை. மூண்டு தங்கச்சிமாருக்கும் குடுத்திட்டார். நானும் போவம் எண்டு கேக்கேல்லை. எனக்கு இந்தக் குளிர் பழகிப்போச்சு."

அப்படியானால் அவர் கண்டிக்காரர் என்று சொல்லலாமா என்று அதிகாரி கேட்டார்.

"அதை இஞ்ச இருக்கிற சனமெல்லோ சொல்லவேணும்? போன ஆடியில வேற மாதிரித்தான் சொன்னவை."

பிரக்கிராசி தயங்கினார். அதிகாரி தலையை உயர்த்தாமல், எல்லாவற்றையும் மொழிபெயர்க்கும்படி சொன்னார். பிரக்கிராசி சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தார். அதிகாரி அதை எழுதினார். எழுதி முடிக்க ஒரு வாக்கியத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, அவர் யாழ்ப்பாணத்தைக் கைவிட்டுவிட்டாரா என்று கேட்டார்.

"அதெப்பிடி விடுறது? ஆறாம் திருவிழா எங்கட. காணியைக் குடுத்தவர் உபயத்தைக் குடுக்கேல்லை. ஒவ்வொரு வருசமும் போவார். திரும்பி வெளிக்கிடேக்கை மூத்த தங்கச்சியின்ர படலையில நிண்டு, போட்டு வாறன் எண்டு சொல்லுவார். இஞ்சயிருந்து வெளிக்கிடேக்கையும் இந்த வீட்டு வாசல்ல நிண்டு அதையேதான் சொல்லுவார். ஒரு இடத்திலயும் போறன் எண்டு சொல்லேல்லை."

மொழிபெயர்ப்பு வருமுன்பே அதிகாரி நிமிர்ந்தார். "கிஹின் என்னம்" என்றார். போய் வருகிறேன் என்பதற்குச் சிங்களம். அவருக்குக் கொஞ்சம் தமிழ் விளங்கியது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஓம், அதுதான்" என்றார் அம்மா.

கடைசியாக அதிகாரி என் பத்திரத்தை எடுத்தார். கணவர் அந்தக் காணியை முதுசம் என்று ஏன் அழைத்தார் என்று கேட்டார்.

"அது அவற்ற ஆசை, ஐயா. ஆசைக்கும் வரியோ?"

பிரக்கிராசி மொழிபெயர்த்தார். அதிகாரி முதன்முறையாகச் சிரித்தார். ஆசைக்கு வரியில்லை, ஆனால் உங்கள் மகன் அதைப் பத்திரத்தில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறாரே என்றார்.

"தம்பி கணக்குப் படிச்சது. தமிழ் படிக்கேல்லை" என்று என்னைக் காட்டினார் அம்மா.

எனக்குப் பின்னால் மனைவி சிரிப்பை அடக்கும் ஓசை கேட்டது.

வெளியே வந்ததும் பிரக்கிராசி குடையை விரித்தார், மழை பெய்யவில்லை. "நான் செல்லித்தந்ததுல ஒரு சொல்லயும் உம்மா செல்லல்ல" என்றார். தோற்றுவிட்டோமா என்று கேட்டேன். "தெரியாது, சேர். எனக்கு இந்தத் தொழில்ல முப்பது வருசம். இப்பிடி ஒரு சாட்சிய நான் கூட்டிக்கொண்டு வந்ததில்ல."

ஜூன் மாதத்தில் தீர்மானம் வந்தது. ஒருவர் பிறந்த வழமையைக் கைவிட்டார் என்பதற்கு அவர் வேறிடத்தில் வாழ்ந்தது மட்டும் போதாது என்றும், காணி தேடிய தேட்டமே என்றும், அதில் பாதி என் தாயாருக்கே எப்போதும் உரியதாக இருந்தது என்றும் அதிகாரி எழுதியிருந்தார். சாட்சி தமக்குப் பாதகமானவற்றை மறைக்காமல் சொன்னதால், சாதகமாகச் சொன்னவற்றையும் நம்புவதாக ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தைப் பிரக்கிராசி தமிழில் எழுதித் தந்தார். அம்மா வாசித்துவிட்டு, "பாவம், நல்ல மனுசன்" என்றார். மற்றப் பாதிக்குரிய தீர்வையை அடுத்த மூன்று பருவத்துக் கராம்பு தாங்கியது. ஓர் அடி நிலமும் விற்கப்படவில்லை. பக்கத்துக் காணிக்காரரிடம் போய் அதைச் சொன்னேன். அந்த வாரமே வேலிக்கு ஆள் பிடித்தார்.

அம்மா இறந்தபோது மரணத் தீர்வை என்ற ஒன்று இருக்கவில்லை. ஆறு ஏக்கரும் எனக்கு வந்தன. தாய் தந்தையர் வழியில் வந்ததால் அது இப்போது சட்டப்படி முதுசம். தந்தையார் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல், அவர் மகனின் கையில் சரியாகிவிட்டது.

முதுசத்தில் மனைவிக்குப் பங்கில்லை என்று மேலே எழுதினேன். பையைத் தலைக்கு வைத்துப் பதினொரு நாள் படுத்திருந்தவருக்கு, அந்தக் காணியில் சட்டப்படி ஒரு மரமும் இருக்கவில்லை. ஒரு பகுதியை அவர் பெயருக்கு எழுதவேண்டும் என்று நான் பல தடவை நினைத்தேன். அவர் கேட்கவில்லை. நான் எழுதவில்லை. பங்குனி, சித்திரையில் கராம்பு பறிக்கும் நாட்களில் அவரே கீழே நின்று சாக்கு விரிப்பார். மொட்டு விரியுமுன் பறிக்கும்படி ஆட்களுக்குச் சொல்லுவார். நான் வீதியிலிருந்து ஏறி அங்கே போனால், "புரொபசர் ஐயா, கணக்குப் பாக்கிறதெண்டால் நிழலில இருந்து பாருங்கோ, ஆக்களுக்கு இடைஞ்சல்" என்பார். இவ்வாண்டு பறிப்பு அவர் இல்லாமல் நடந்தது. குறையின்றி நடந்தது. அதைக் கண்டு எனக்கு வருத்தமும் ஆறுதலும் சம அளவில் இருந்தன.

மரணச் சடங்குக்கு வந்த மகள் ஒரு மாதம் தங்கினாள். அவள் கொழும்பில் வேலைபார்க்கிறாள், மகன் வெளிநாட்டில். விற்றுவிட்டு என்னைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்து, அதற்குரிய பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். திரும்புவதற்கு முதல்நாள் அவளைக் காணிக்குக் கூட்டிப்போனேன். மேற்பகுதியில் பட்டுப்போன மிளகுக் கொடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதெல்லாம் எப்ப பட்டது?"

"நாலைந்து வருடமாகிறது. அம்மாவுக்கு மேலே ஏற முடியாமற் போன பிறகு."

"அண்ணாவோட நேற்றுக் கதைச்சனான். விக்கிறேல்லை எண்டு ரெண்டு பேரும் முடிவெடுத்திட்டம். உங்களைக் கேக்கேல்லை, குறை நினைக்காதேங்கோ." பிறகு கொடிகள் நின்ற வரிசையைக் கையால் காட்டினாள். "இந்தப் பக்கம் முழுக்கத் திருப்பி நடவேணும். மாதத்தில ரெண்டு சனி ஞாயிறு நான் வாறன். எத்தினை கண்டு வேணும் எண்டு எண்ணிப்போட்டு எழுதுங்கோ."

ஆயத்தமாக வைத்திருந்த பதில் தேவைப்படவில்லை. இப்போது வடக்குக்குப் பாதை திறந்திருக்கிறது. போர் நிறுத்தப்பட்டு, துவக்குச் சத்தம் ஓய்ந்து ஓராண்டுக்கு மேலாகிறது. அது நீடிக்குமா என்று எனக்குத் தெரியாது. மிளகு காய்க்க மூன்று வருடமாகும் என்று மட்டும் தெரியும். மூன்று வருடத்துக்கு அப்பால் பார்த்து ஒருவர் கன்று கேட்கிறார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று வரையில் செய்யாமல் நிற்கும் வேலைகள்:

காணியைப் பார்த்துக்கொண்டவர் இறந்துவிட்டார். அவருடைய மகளின் குடும்பம் அந்த வீட்டில் இருக்கிறது. எழுதித் தருவதாகச் சொன்ன நிலத்தை எழுதவில்லை. தோட்டத் தொழிலாளர் வழியில் வந்த அவர்களுக்கு முன்னர் இந்நாட்டுப் பிரஜாவுரிமை இருக்கவில்லை என்பது காரணம். காரணம் நீங்கியது, தாமதம் நீங்கவில்லை. அளவையாளரை அழைக்கவேண்டும். இது முதலாவது.

மீதிக் காணியைப் பிள்ளைகள் இருவருக்கும் கொடுக்கும் உறுதி. வரைவு வந்து மூன்று வாரம். வாசிக்கவேண்டும், மகளும் வாசிக்கவேண்டும்.

மனைவியின் மரணச் சான்றிதழில் பிறந்த ஊர் பிழையாகப் பதியப்பட்டிருக்கிறது. திருத்தத்துக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

மகளுக்குக் கடிதம். எண்ணியாயிற்று: இருநூற்றுப் பத்துக் கன்றுகள். ஐப்பசி மழைக்கு முன் குழி வெட்டவேண்டும்.